பாதியில் நிற்கும் பிள்ளைக்கு என்ன மிச்சம்? ஆங்கிலப் பாடம் தயாரித்தவர்களின் கதை

ஆங்கிலம் நமக்கு வேண்டுமா வேண்டாமா என்ற வாக்குவாதத்தை நம் முன்னோர்கள் எப்போதோ முடித்துவிட்டார்கள். 1854இல் வெளியிட்ட கவிதைத் தொகுப்பிலேயே சாவித்திரிபாய் பூலே ஆங்கிலம் படியுங்கள் என்று சொல்லிவிட்டார். 2010இல் உத்தரப் பிரதேசத்தின் பங்கா கிராமத்தில் ஆங்கிலத் தாய்க்குக் கோயில் கட்டவே அடிக்கல் நாட்டினார்கள். அந்த முயற்சிக்குப் பின்னால் இருந்தவர் எழுத்தாளர் சந்திரபான் பிரசாத். அதைப் பார்த்துச் சிரித்தவர்களின் பிள்ளைகள் எந்த வழிக் கல்வியில் படிக்கிறார்கள் என்று நாம் கேட்கத் தேவையில்லை.

நாம் இங்கே பேச நினைப்பது வேறொன்றை. ஆங்கிலம் என்ற பெரிய மொழியை நாற்பது நிமிட வகுப்புகளாக நறுக்கித் தட்டில் வைத்தவர்கள் யார்? நறுக்கும்போது எந்தப் பிள்ளையை மனதில் வைத்திருந்தார்கள்? இந்தக் கேள்வியை நம் இயக்கங்களில் அதிகம் கேட்டதில்லை. ஆனால் உங்களில் பலர் மாலை நேரப் படிப்பகங்களிலும் அம்பேத்கர் இரவுப் பாடசாலைகளிலும் பாடம் எடுக்கிறீர்கள். 2021இல் இல்லம் தேடிக் கல்வி வந்தபோது தன்னார்வலராகப் போனவர்களும் இருக்கிறீர்கள். சனிக்கிழமை இரவு உட்கார்ந்து மறுநாள் வகுப்புக்கு என்ன செய்வது என்று செல்போனில் தேடி, பனிமனிதனும் ஸ்ட்ராபெர்ரியும் போட்ட ஒரு ஒர்க்‌ஷீட்டை இறக்கிக்கொண்டு போன அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அந்தத் தாளுக்கும் ஒரு வரலாறு உண்டு.

மெக்காலேயிலிருந்தே தொடங்கலாம். 1835 பிப்ரவரி 2 தேதியிட்ட அவர் குறிப்பை நம்மில் சிலர் கொண்டாடுகிறோம், வேறு சிலர் திட்டித் தீர்க்கிறார்கள். இரு தரப்பும் அதில் ஒரு இடத்தை வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறது. கையில் இருக்கும் பணத்தில் மக்கள் திரள் முழுவதற்கும் கல்வி கொடுக்க முடியாது. ஆள்பவனுக்கும் ஆளப்படுபவனுக்கும் நடுவே நின்று பேச ஒரு வகுப்பாரை உருவாக்கினால் போதும் என்பது அவர் கணக்கு. மேலே ஊற்றினால் கீழே வடியும் என்ற நம்பிக்கை. மேலே இருந்தவர்கள் பாத்திரத்தை இறுக மூடிக்கொண்டார்கள் என்பதை நாம் சொல்லித்தான் யாருக்கும் தெரிய வேண்டும் என்பதில்லை. 1882இல் ஹண்டர் கமிஷன் முன்னால் ஜோதிராவ் பூலே இதை நேராகவே வைத்தார்: வரி கொடுப்பவன் உழவன், அந்த வரியில் உயர்கல்வி பெறுபவன் மேல்சாதிக்காரன். ஆரம்பக் கல்விக்குப் பணம் போடுங்கள், பிள்ளைகளோடு கலந்து பழகக்கூடிய ஆசிரியர்களை உழைக்கும் சாதிகளிலிருந்தே எடுங்கள் என்றார்.

மெக்காலே கணக்குக்கு ஏற்றபடிதான் பாடமும் இருந்தது. 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் வந்த பிறகு, பள்ளியின் ஆங்கில வகுப்பெல்லாம் நுழைவுத் தேர்வை நோக்கி ஓடியது. இலக்கண விதியை ஒப்பிப்பது, வாக்கியத்தைப் பிரித்துப் பெயர் சொல்வது, பத்தியை மொழிபெயர்ப்பது, செய்யுளை மனப்பாடம் செய்வது. இவை வீண் என்று நாம் சொல்லவில்லை. பத்து ஆண்டு விடாமல் படித்துக் கடைசிப் படியில் ஏறியவனுக்கு இதில் பெரிய பலன் இருந்தது. மூன்றாம் ஆண்டில் பள்ளியை விட்டு மாடு மேய்க்கப் போனவனுக்கு என்ன இருந்தது? அவன் கற்ற விதிகளைக் கொண்டு ஒரு கடிதத்தையும் படிக்க முடியாது.

அந்தப் பள்ளியில் நம் ஆட்கள் எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்பதற்கு அண்ணலின் வீடே சாட்சி. தந்தை ராம்ஜி ராணுவப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். மகனுக்கு ஆங்கிலமும் கணக்கும் வீட்டில் அவரே சொல்லிக் கொடுத்தார். மொழிபெயர்ப்புப் பயிற்சி செய்ய வைத்தார். பம்பாய் பரேலில் ஒற்றை அறையில் குடும்பமே முடங்கிக் கிடந்தபோது, மகனை முன்னிரவில் தூங்க வைத்து, இரவு இரண்டு மணிக்கு எழுப்பிப் படிக்கச் சொல்வாராம். எல்பின்ஸ்டன் பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க விடாமல் பாரசீகத்தின் பக்கம் தள்ளிய அதே காலத்தில், வீட்டில் ஒருவர் அவருக்கென்று பாடம் தயாரித்துக்கொண்டிருந்தார். ராம்ஜியை நாம் தந்தையாக மட்டும்தான் நினைவுகூர்கிறோம். ஆசிரியராகவும் நினைக்க வேண்டும்.

எல்லா வீட்டிலும் ராம்ஜி கிடையாது. அப்படி யாருமில்லாத பிள்ளையைப் பற்றி ஆங்கிலப் பாடம் எழுதுகிறவர்களில் ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டது 1920களில்தான். நடந்தது டாக்காவில். அங்கே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்த மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர், வங்காளப் பள்ளிகளில் ஆங்கிலம் சேரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் முடிக்காமலேயே நின்றுவிடுவதைக் கவனித்தார். 1926இல் வங்காளத்தின் இருமொழி நிலை பற்றி அவர் எழுதிய நீண்ட அறிக்கை வெளியானது. அதில் நமக்கு மிகவும் பயன்படும் ஒரு சொல் இருக்கிறது: சரண்டர் வேல்யூ.

எல்ஐசி பாலிசி போட்ட வீடுகளில் இந்தச் சொல் தெரியும். இருபது வருஷ பாலிசியை ஐந்தாம் வருஷம் பிரீமியம் கட்ட முடியாமல் ஒப்படைத்தால் கைக்கு எவ்வளவு வரும் என்பதுதான் அது. வெஸ்ட் இதைப் பாடத்துக்குப் பொருத்தினார். ஒரு பாடத்திட்டத்தை, அதை முழுதாக முடித்தவனை வைத்து அளக்காதீர்கள். முதல் ஆண்டில் நின்றவன், இரண்டாம் ஆண்டில் நின்றவள் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அப்படிப் பார்த்தால் அன்றைய ஆங்கிலப் பாடத்தின் மதிப்பு ஏறக்குறைய பூஜ்யம்.

அவர் கண்ட வழி, வாசிப்பை முன்னால் வைப்பது. எளிய ஆங்கிலத்தில் இருப்பதைத் தானாகப் படிக்கத் தெரிந்துவிட்டால், பள்ளியை விட்ட பிறகும் அது கூடவே வரும். அதற்காக அவர் அன்றைய வாசகப் புத்தகங்களைப் பிரித்து எண்ணினார். பக்கத்துக்குப் பக்கம் புதிய சொற்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. ஒருமுறை வந்த சொல் திரும்ப வரவே இல்லை. பேச்சிலும் செய்தித்தாளிலும் யாரும் பயன்படுத்தாத பழைய இலக்கியச் சொற்கள் வேறு. அவர் அவற்றைத் தூக்கிவிட்டுப் புழக்கத்தில் உள்ள சொற்களைப் போட்டார். ஒரு புதிய சொல்லுக்கும் அடுத்ததற்கும் நடுவே போதிய பழகிய சொற்கள் இருக்கும்படி இடைவெளி விட்டார். அறிமுகமான சொல் அடுத்தடுத்த பக்கங்களில் திரும்பத் திரும்ப வரும்படி பார்த்துக்கொண்டார். இப்படி வந்தவைதான் 'நியூ மெத்தட்' வாசகங்கள். பின்னாளில், 1953இல், ஏறத்தாழ 2,000 சொற்கள் கொண்ட பொதுச் சொற்பட்டியலையும் அவர் வெளியிட்டார். இன்று எளிமைப்படுத்திய ஆங்கிலக் கதைப் புத்தகம் எதை எடுத்தாலும் இந்த டாக்கா வேலையின் நிழல் அதில் விழுந்திருக்கும். 1960இல் அவர் எழுதிய இன்னொரு நூல் கடினமான சூழலில் ஆங்கிலம் கற்பிப்பது பற்றியது. பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்த நாற்பது ஐம்பது பிள்ளைகள், வெயில், சரளமாக ஆங்கிலம் பேச வராத ஆசிரியர் என்று அவர் வர்ணிக்கும் வகுப்பறை நமக்கு அந்நியமானதா என்ன?

அதே கிழக்கு வங்காளத்தில் நம் மக்களும் இருந்தார்கள். தீண்டத்தகாதவர்களாக நடத்தப்பட்ட நாமசூத்திரர்கள் ஃபரீத்பூர், பரிசால் மாவட்டங்களின் சதுப்பு நிலங்களில் வாழ்ந்தார்கள். ஓராகாந்தி கிராமத்தில் மதுவா இயக்கத்தின் தலைவர் குருசந்த் தாக்கூர், சோறு இல்லாவிட்டாலும் பிள்ளையைப் படிக்க வை என்று பிரசாரம் செய்தார். பாப்டிஸ்ட் மிஷனரி மீட் என்பவரோடு சேர்ந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஆங்கில உயர்நிலைப் பள்ளியைக் கொண்டுவந்தார். அந்தச் சமூகத்திலிருந்து எழுந்தவர்தான் பரிசாலின் ஜோகேந்திரநாத் மண்டல். 1946இல் பம்பாயில் வழியடைக்கப்பட்ட அம்பேத்கரை வங்காளத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்கு அனுப்பி வைத்தவர் அவர். டாக்கா பயிற்சிக் கல்லூரியில் சொற்களை எண்ணிக்கொண்டிருந்தவருக்கும், ஓராகாந்தியில் பள்ளிக்கூடம் கேட்டவர்களுக்கும் நடுவே தூரம் அதிகமில்லை. ஆனால் ஒருவர் கேள்வி இன்னொருவரிடம் போய்ச் சேர்ந்ததா என்றால், அந்தப் புத்தகங்களில் அதற்கு அடையாளம் தென்படவில்லை.

இங்கேதான் வெஸ்ட்டோடு நமக்குக் கணக்குத் தீரவில்லை. வங்காளப் பையனுக்கு ஆங்கிலத்தில் படிக்கத் தெரிந்தால் போதும், பேச்சு பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தவர் அவர்தான். அறிவு நூல்களைப் படிக்கத்தானே அவனுக்கு ஆங்கிலம்? நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் நேர்காணல் அறையில் நம் பிள்ளை வாயைத் திறக்கும்போதுதான் எதிரே இருப்பவர் அவன் ஊரையும் சாதியையும் மோப்பம் பிடிக்கிறார். ஒருவருக்கு ஆங்கிலத்தில் எது போதும் என்பதை வேறொருவர் தீர்மானிக்கும்போது, அந்தப் 'போதும்' நமக்குப் போதாமலே இருக்கிறது. சரண்டர் வேல்யூ என்ற கேள்வியை வெஸ்ட்டிடமிருந்து எடுத்துக்கொள்வோம். விடையை நாமே எழுதுவோம்.

விடுதலைக்குப் பிறகு காட்சி நம் ஊருக்கு வருகிறது. 1953இல் ராஜாஜியின் அரைநாள் பள்ளித் திட்டம், அதைக் குலக்கல்வி என்று பெயர் சொல்லி எதிர்த்த போராட்டம், 1954இல் காமராசர், 1956இல் மதிய உணவு. இதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். இவற்றோடு சேர்ந்து இன்னொன்றும் நடந்தது. வீட்டில் எழுத்தே இல்லாத பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் பள்ளிக்குள் வந்தார்கள். அவர்களுக்கு ஆங்கிலத்தின் முதல் பாடத்தை யார் எடுப்பது?

சென்னை மாகாணம் 1950களிலேயே கட்டமைப்புப் பாடத்திட்டத்துக்கு மாறியிருந்தது. இலக்கண விதியை விட்டுவிட்டு, வாக்கிய அச்சுகளை எளியதிலிருந்து கடினமானது வரை வரிசையாக அடுக்குவது இந்த முறை. முதல் நாள் 'திஸ் இஸ் எ புக்.' மறுநாள் 'தட் இஸ் எ ட்ரீ.' புத்தகத்தைக் கையில் தூக்கிக் காட்டு, சொல், வகுப்பே சேர்ந்து சொல்லட்டும், பிறகு புத்தகத்தை எடுத்துவிட்டுப் பேனாவை வை. இதை மாகாணம் முழுக்கப் பரப்ப, 27,000 தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி கொடுக்கும் இயக்கம் ஒன்று நடந்தது. சிலருக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் மற்றவர்களுக்கு, மற்றவர்கள் இன்னும் பலருக்கு என்று உருண்டு பெருக வேண்டும். அதனால் அதற்கு 'சென்னைப் பனிப்பந்து' என்று பெயர். சென்னை வெயிலில் பனிப்பந்து உருட்ட ஒரு வெள்ளைக்காரரால்தான் முடியும். அந்த இயக்கத்தின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கினால் 'மெல்ட்' என்று வரும். உருகு என்று அர்த்தம்.

'திஸ் இஸ் எ புக்' என்று நம் பெரியவர்கள் சொன்னால் சிரிப்பு வருகிறது. நாம் சிரிக்க மாட்டோம். ஆங்கிலம் பேசி அறியாத ஒரு கிராமத்து ஆசிரியருக்கு, நாளை என்ன செய்ய வேண்டும் என்பதை அடி அடியாக எழுதிக் கொடுத்த முறை அது. கூட்டமாகச் சொல்லும்போது கடைசி பெஞ்சில் கூச்சத்தோடு இருக்கும் பிள்ளைக்கும் வாய் திறக்க ஒரு மறைவு கிடைத்தது. குறை வேறு இடத்தில் இருந்தது. எந்தச் சொல்லை அச்சில் போட்டாலும் ஒன்றுதான் என்று அந்த முறை நினைத்தது.

ஒன்றில்லை. இந்த அச்சு வரிசையில் வந்த ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள்: 'வாட் இஸ் யுவர் ஃபாதர்?' விடை, 'மை ஃபாதர் இஸ் எ டாக்டர்', 'மை ஃபாதர் இஸ் எ கிளார்க்.' தொழில் பெயர்களைப் பழக்க அருமையான பாடம் என்று இன்றும் எத்தனையோ வகுப்புகளில் இதைக் கேட்கிறார்கள். துப்புரவுப் பணியாளரின் மகள் எழுந்து நின்று என்ன சொல்வாள்? பிணம் எரிப்பவரின் மகன்? தமிழில் நேராகக் கேட்டால் சட்டச் சிக்கல் வரக்கூடிய ஒரு கேள்வியை, ஆங்கிலப் பயிற்சி என்ற பெயரில் நாற்பது பேர் முன்னால் கேட்டுவிடலாம். பிள்ளை பொய் சொல்லும், அல்லது அன்றைக்கு லீவு போடும். நம் படிப்பகத்தில் இந்தப் பாடத்துக்குப் பதிலாக, பிள்ளைக்குப் பிடித்த ஒருவரைப் பிள்ளையே தேர்ந்தெடுத்து, அவரால் என்னவெல்லாம் முடியும் என்று சொல்ல வைக்கிறோம். 'மை ஆயா கேன் கவுண்ட் மணி வெரி ஃபாஸ்ட்.' 'மை அண்ணன் கேன் ரிப்பேர் எ மோட்டார்.' அதே வாக்கிய அச்சுப் பயிற்சிதான். யார் வீட்டுக் கதவையும் தட்டாமல் முடிந்துவிடுகிறது.

இடையில் ஒரு சர்வதேச விவகாரம். 1961இல் உகாண்டாவின் மக்கெரெரேயில் காமன்வெல்த் நாடுகளின் ஆங்கிலக் கல்வி மாநாடு கூடியது. ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே கற்பிக்க வேண்டும், அதைத் தாய்மொழியாகக் கொண்டவரே சிறந்த ஆசிரியர், எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது, வேறு மொழி கலந்தால் தரம் குறையும் என்ற ஐந்து நம்பிக்கைகளுக்கு அங்கே முத்திரை கிடைத்தது. 1992இல் ராபர்ட் பிலிப்சன் என்ற ஆய்வாளர் இந்த ஐந்தையும் மூடநம்பிக்கைகள் என்று ஒவ்வொன்றாக உடைத்தார். ஆனாலும் வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் போடும் மெட்ரிக் பள்ளிகள் நம் ஊரில் இருந்துகொண்டுதான் இருக்கின்றன. நம் பிள்ளை தமிழில் சந்தேகம் கேட்பதைத் தடுக்கிற வகுப்பு, ஆங்கிலம் கற்றுக்கொடுக்கவில்லை. வாயை மூடக் கற்றுக்கொடுக்கிறது.

1979இல் தென்னிந்தியாவிலேயே ஒருவர் வேறு மாதிரி பாடம் தயாரிக்கத் தொடங்கினார். என்.எஸ். பிரபு, சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் வேலை பார்த்தவர். இருபது வருஷமாக அச்சுப் பயிற்சி நடந்தும், வகுப்பில் சரியாகச் சொல்லும் வாக்கியம் வகுப்புக்கு வெளியே வருவதில்லை என்ற மனக்குறை ஆசிரியர்களிடம் இருந்தது. பெங்களூர் மண்டல ஆங்கில நிறுவனத்தின் துணையோடு 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் என்று சில சாதாரணப் பள்ளிகளில் அவர் ஒரு சோதனை நடத்தினார். இன்று உலகமெங்கும் பணிவழிக் கற்பித்தல் என்று பேசுகிறார்களே, அதன் வேர்களில் ஒன்று இந்த வகுப்பறைகளில் இருக்கிறது. கடலூரும் அந்தப் பட்டியலில் உண்டு என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

பிரபுவின் பாடத்தில் வாக்கிய அச்சு கிடையாது. ஒரு ரயில் கால அட்டவணை இருக்கும். ஒரு ஊர் வரைபடம் இருக்கும். பள்ளி நேர அட்டவணை, நாட்காட்டி, விலைப்பட்டியல் இருக்கும். ஒருவர் மாலை ஐந்து மணிக்குள் அந்த ஊரில் இருக்க வேண்டும், எந்த வண்டியில் ஏறலாம், ஏன்? முதலில் ஆசிரியர் இதே மாதிரி ஒரு கணக்கை வகுப்போடு கேள்வி பதிலாகச் செய்து காட்டுவார். பிறகு ஒவ்வொருவரும் தனியாக இன்னொன்றைச் செய்ய வேண்டும். மதிப்பெண் விடைக்குத்தான், இலக்கணத்துக்கு அல்ல. மூளை கணக்கில் மூழ்கியிருக்கும்போது மொழி தானாக உள்ளே இறங்கும் என்பது அவர் வாதம். பாடம் எளிதா கடினமா என்று பார்க்க அவர் வைத்திருந்த அளவுகோலும் நமக்கு உதவும்: வகுப்பில் ஏறத்தாழ பாதிப் பேர், பணியில் ஏறத்தாழ பாதியைச் சரியாக முடித்தால் அது சரியான கனம். எல்லாரும் எல்லாமும் முடித்துவிட்டால் பாடம் லேசு. யாருமே முடிக்காவிட்டால் நாளைக்கு வேறு கொண்டு வா.

1984இல் ஆலன் பெரெட்டா, ஆலன் டேவிஸ் என்ற இருவர் நான்கு பள்ளிகளில் இதை மதிப்பிட்டார்கள். அவரவர் படித்த முறைக்கு ஏற்ற தேர்வில் அவரவர் நன்றாகச் செய்தார்கள். இரண்டுக்கும் பொதுவான தேர்வுகளில் பிரபுவின் பிள்ளைகள் பக்கம் தட்டு சாய்ந்தது. ஆனால் திட்டத்துக்கு வெளியிலிருந்து வந்த நல்ல தேர்ச்சியுள்ள ஆசிரியர்கள் எடுத்த வகுப்புகள் ஓடிய அளவுக்கு, பள்ளியின் வழக்கமான ஆசிரியர்களால் அதைத் தூக்கிச் செல்ல முடியவில்லை. அரசுப் பள்ளிகளில் அது நிலைக்கவும் இல்லை. பிரபுவே 1990இல் ஒரு கட்டுரையில், எல்லாருக்கும் பொருந்தும் சிறந்த முறை என்று ஒன்று இல்லை, தன் வகுப்பில் எது வேலை செய்கிறது, ஏன் என்று ஆசிரியருக்கு உயிருள்ள ஓர் உணர்வு இருப்பதுதான் முக்கியம் என்று எழுதினார்.

சரி, ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு என்ன கொண்டு போவது? நாம் செய்து பார்க்கும் ஒன்றை மட்டும் சொல்கிறோம். எடுத்துக்கொள்ள வேண்டிய பொருள் வெளியே இல்லை: பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை விண்ணப்பம். 1944இல் தொடங்கிய திட்டம் அது. அப்போது அண்ணல் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் இருந்தார். பதினொன்றாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு ஆண்டும் இந்தத் தாளோடு நம் பிள்ளைகள் மல்லுக்கட்டுகிறார்கள்.

கற்பனையாக ஒரு மாணவியின் விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் நிரப்புங்கள். கூடவே அவளுடைய மதிப்பெண் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவற்றையும் ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். விண்ணப்பத்தில் நான்கு பிழைகளை வேண்டுமென்றே வையுங்கள். தலைப்பெழுத்து சான்றிதழில் பெயருக்குப் பின்னால், விண்ணப்பத்தில் முன்னால். பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கட்டும். ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டில் 11 இடங்கள், ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அங்கே 'ஓ' என்ற எழுத்தைப் போடுங்கள். ஆண்டு வருமானம் என்ற இடத்தில் மாத வருமானத்தை எழுதிவிடுங்கள். கேள்விகள் எளிய ஆங்கிலத்தில்: எங்கே பிழை? எப்படித் தெரியும்? வருமான வரம்பு இரண்டரை லட்சம் என்றால் இவளுக்குத் தகுதி உண்டா, ஏன்? பிள்ளைகள் தமிழில் வாதாடட்டும், விடையை மட்டும் ஆங்கிலத்தில் எழுதட்டும். 'எலிஜிபிள்', 'ஆனுவல்', 'அட்டெஸ்டட்', 'என்க்ளோஸ்டு' என்ற நான்கு சொற்கள் அன்றைக்குப் போதும். அடுத்த வாரப் பாடத்தில் இந்த நான்கும் வேறு தாளில் திரும்ப வர வேண்டும். அது வெஸ்ட் சொல்லிக் கொடுத்தது.

கடைசிப் பத்து நிமிடம் பேச்சுக்கு. ஒருவர் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் எழுத்தர், இன்னொருவர் விண்ணப்பம் ஏன் திரும்பி வந்தது என்று கேட்கும் மாணவி. 'வொய் வாஸ் மை அப்ளிகேஷன் ரிஜெக்டட், சார்? ப்ளீஸ் கிவ் இட் இன் ரைட்டிங்.' இதை ஒவ்வொரு பிள்ளையும், குரல் இறங்காமல், எழுத்தராக நடிப்பவரின் கண்ணைப் பார்த்துச் சொல்லும் வரை பயிற்சி. வகுப்பு முடிந்ததும் அந்தத் தாளைத் திருப்பி வாங்குவதில்லை. வீட்டில் அக்கா விண்ணப்பம் போடும்போது பக்கத்தில் இருக்கட்டும்.